உடுப்புக் கழுவுற தரையை மட்டம் செய்யப் போன கதை

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுப் பின்பக்கம் சீமெந்து வேலை செய்ய நினைத்திருப்பவர்கள் முழுதாக வாசியுங்கள். இதில் நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு பைப் கதையை மட்டும் எழுத மனம் வரவில்லை.

எங்கள் வீடு பதுளையிலிருந்து பசறை போகிற பக்கம், ஒரு மேட்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இருந்த வீடு. எங்கட அப்பா, அதாவது வாப்பாட வாப்பா, கடை வைத்துச் சேர்த்த காசில் வாங்கினார். கூரை மாறியது, கதவு ஜன்னல் மாறியது. குசினிக்குப் பின்னால் உள்ள உடுப்புக் கழுவுற இடம் மட்டும் அப்படியே இருந்தது. எட்டடிக்கு ஆறடி சீமெந்துத் தரை, ஒரு மூலையில் உடுப்புக் கல்லு, எதிர் மூலையில் தண்ணீர் போவதற்கு வட்டமான இரும்பு மூடி. தரை இரண்டு மூன்று இடத்தில் இறங்கிப் போயிருந்தது. இறங்கின இடத்தில் தண்ணீர் நிற்கும், நின்ற இடத்தில் பாசி பிடிக்கும்.

போன வருஷம் ஒரு நாள் சுபஹு தொழுதுவிட்டு வாளியோடு போன உம்மா அந்தப் பாசியில் வழுக்கி விழுந்தார். "ஒன்டும் இல்ல மகள், கை ஊன்டினதுதான்" என்றார். மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆறு கிழமை மாவுக்கட்டு. நான்தான் பல வருஷமாக "லீவில செய்வோம், லீவில செய்வோம்" என்று தள்ளிப் போட்டவள். ஓகஸ்ட் விடுமுறை தொடங்கின அன்றே பாஸ் ஒருவரைத் தேடிப் பிடித்தேன்.

அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உடைக்கத் தேவையில்ல டீச்சர். மேலால ரெண்டு இஞ்ச் கொங்கிரீட் போட்டு சமனாக்கிருவோம். அதுக்கு மேல டைல்." எனக்கும் சந்தோஷம். உடைக்காவிட்டால் தூசி இல்லை, கூலி குறைவு, மூன்று நாளில் முடியும். வாஷிங் மெஷினும் பின்பக்கம் போய்விடும். மூன்றாம் நாள் அவர் ஸ்பிரிட் லெவலை வைத்துக் காட்டினார். எந்தப் பக்கம் வைத்தாலும் குமிழி நடுவில் வந்து நின்றது. நான் போட்டோ எடுத்து குடும்ப குறூப்பில் போட்டேன்.

விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர் நான். குமிழி நடுவில் நின்றால் தண்ணீர் எந்தப் பக்கமும் போகாது என்பது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. ஆசிரியர் கலாசாலையில் செயன்முறைப் பாடத்துக்கு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாயில் நிறத்தண்ணீர் விட்டு, சுவரில் இரண்டு பக்கமும் மட்டம் குறித்துக் காட்டி நல்ல புள்ளியும் வாங்கினவள். படித்தது வேறு, குசினிப் பின்பக்கம் வேறு என்று நினைத்திருந்தேன் போல.

குளிக்கிற, கழுவுகிற இடத்துக்கு வேண்டியது மட்டம் இல்லை, வாட்டம். ஒரு அடிக்குக் கால் அங்குலம் வாய்ப் பக்கம் சரிய வேண்டும். எங்கள் தரை எட்டுக்கு ஆறு. மூலைக்கு மூலை பத்தடி (ஒன்பதாம் தரப் பிள்ளைகள் பைதகரஸை நினைத்துக்கொள்ளுங்கள்). பத்தடிக்கு இரண்டரை அங்குலம் இறக்கம் வரும். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது, காலுக்கும் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். அந்த இரண்டரை அங்குலத்தை நான் காசு கொடுத்து இல்லாமல் ஆக்கியிருந்தேன். கொங்கிரீட்டும் டைலும் சேர்ந்து தரை உயர்ந்ததில் குசினிப் படியும் போய்விட்டது. முன்னே நாலு அங்குலம் ஏறித்தான் குசினிக்குள் போவோம். இப்போது அரை அங்குலம். மெஷின் தண்ணீரை ஒரே மூச்சில் வெளியே தள்ளும்போது அது நேராக குசினிக்குள் வந்து அடுப்புக் கட்டைத் தொட்டது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த பிழை. தெரியாதது அந்த மூலையில் இருந்தது.

பழைய இரும்பு மூடியை நான் சின்ன வயதில் பல தடவை தூக்கிப் பார்த்திருக்கிறேன். கீழே ஒரு இரும்புக் கிண்ணம். கிண்ணத்தின் நடுவில் நிமிர்ந்து நிற்கிற குழாய் வாய். மூடியின் அடியில் மணியைத் தொங்கவிட்டது போல ஒரு சின்னக் குவளை. மூடியை வைத்தால் மணி குழாய் வாயைக் கவிழ்ந்து மூடும், அதன் விளிம்பு கிண்ணத்தில் நிற்கிற தண்ணீருக்குள் மூழ்கும். மேலிருந்து தண்ணீர் போகும், கீழிருந்து நாற்றமும் கரப்பானும் வராது. இது வெள்ளைக்காரன் காலத்து மணி ட்ராப். நல்ல சாமான் என்று சொல்ல மாட்டேன். நிற்கிற தண்ணீர் மிகக் குறைவு, சீக்கிரம் காய்ந்துவிடும். மூடியைக் கழற்றினால் மணியும் கூடவே வந்துவிடும், அந்த நிமிஷமே தடுப்பு இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் இதைக் கண்டித்து எழுதினார்கள். ஆனாலும் ஏதோ ஒரு தடுப்பு இருந்தது.

பாஸ் என்ன செய்தார் என்றால், தரை உயர்ந்ததால் மூடி பள்ளத்துக்குள் போய்விட்டது. அவர் மணியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு துண்டு பி.வி.சி. பைப்பை அந்தக் குழாய் வாய் மேல் நிறுத்தி, சுற்றி சீமெந்து அப்பி, மேலே பளபளவென்று ஒரு புதுச் சல்லடை மூடியை வைத்தார். பார்க்க அழகு. உள்ளே தடுப்பு எதுவும் இல்லை. அந்தத் துண்டு பைப் பழைய இரும்போடு இறுக்கமாகப் பொருந்தவும் இல்லை. பழைய அளவு அங்குலத்தில், புதியது மில்லிமீற்றரில். நாம் வாய்க்கு "நாலு இஞ்ச்" என்று சொல்வது கடையில் 110 மில்லிமீற்றர் வெளி விட்டம். பழைய இரும்புக் குழாயும் சுட்ட மண் குழாயும் வேறு கணக்கு. இடைவெளியை சீமெந்து அடைக்கும் என்று விட்டுவிட்டார். அடைக்கவில்லை. தண்ணீரில் பெரும் பங்கு புதுக் கொங்கிரீட்டுக்கும் பழைய தரைக்கும் இடையில் ஊறிப் போனது.

வீட்டில் நாற்றம் வந்தது. நான் டெட்டோல் ஊற்றினேன். ஊறின தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

எங்கள் வளவுக்குக் கீழே ஒரு லயம் இருக்கிறது. எங்கள் பின்மதிலுக்கும் அவர்கள் கோடிக்கும் இடையில் வெட்டின மண்மேடு, ஆள் உயரத்துக்கு மேல். மேட்டுக்கும் லயத்துச் சுவருக்கும் நடுவில் மூன்றடிதான் இடைவெளி.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. அந்த நாட்களைப் பற்றி பதுளைக்காரருக்கு நான் எழுதத் தேவையில்லை. எந்தப் பக்கம் மண் சரிந்தது, எந்தப் பாதை உடைந்தது, யார் வீட்டில் மையித்து, யார் வீட்டில் சாவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கீழ் லயத்துக் குடும்பங்கள் கோயில் மண்டபத்தில் போய்த் தங்கினார்கள். நாங்கள் பள்ளியில் சமைத்த சோற்றுப் பார்சலைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கே என்னிடம் படிக்கிற பிள்ளை ஒருத்தி இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் போனாள் என்று இப்போது தோன்றுகிறது.

பாடசாலை மறுபடி தொடங்கி இரண்டாவது கிழமை, எட்டாம் தரத்தில் பாடம் முடிந்த பிறகு அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க மகள்."

"ஒங்க வீட்டுத் தண்ணி எங்க கோடிக்கு வருது டீச்சர். மழ இல்லாட்டியும் வருது. சவுக்கார வாசம் அடிக்குது."

அன்றைக்குப் பின்னேரமே போனேன். அவளின் அம்மா "வாங்க டீச்சர்" என்று வாங்கைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை, கோடிப் பக்கம் காட்டச் சொன்னேன். மேட்டின் அடிப்பாகம் இரண்டு பாக அகலத்துக்கு ஈரம். ஒரு இடத்தில் மண் சேறாகி ஒழுகியிருந்தது. சாக்குகளை மண் நிரப்பி அணை கட்டியிருந்தார்கள். சுவரின் கீழ்ப்பக்கம் ஈரம் ஏறி சுண்ணாம்பு பொரிந்திருந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் பிள்ளைகள் படுக்கிற இடம்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"தீவாளிக்கு முன்னாலேருந்து."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராவிலிருந்து வந்த பெண்தான் சொன்னார்: "டீச்சர் வீடு. புள்ளைக்கு எதாச்சும் ஆயிருமோன்னு யோசிச்சோம்."

வீட்டுக்கு ஏறி வரும்போது எனக்குக் கால் நகரவில்லை. மீரியபெத்தையை நாம் மறந்திருக்க மாட்டோம். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தையில் காலை நேரத்தில் லயங்கள் மண்ணுக்குள் போன நாள். அதற்குப் பல வருஷத்துக்கு முன்பே அந்த இடம் ஆபத்து என்று எச்சரித்திருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் நான் வகுப்பில் மண்சரிவு அறிகுறிகளைப் படிப்பிக்கிறேன். திடீர் ஊற்று, நிலத்தில் வெடிப்பு, சாய்கிற மரம், கலங்கின தண்ணீர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைப் பட்டியல் எங்கள் வகுப்புச் சுவரிலேயே இருக்கிறது. அந்தத் "திடீர் ஊற்று" என் வாஷிங் மெஷின். புயல் நாட்களில் கரண்ட் இல்லாமல் மெஷின் ஓடாமல் இருந்ததை நினைத்து எத்தனை தடவை அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன் என்று தெரியாது. அந்த மழைக்கு அந்த மேடு நின்றதற்கு நான் எந்த விதத்திலும் உதவவில்லை, எதிராகத்தான் வேலை செய்திருக்கிறேன்.

அன்றிலிருந்து மெஷினை நிறுத்தினோம். உடுப்பு முன்பக்கம் வாளியில்.

லயத்தில் வயதானவர் ஒருவர் இருக்கிறார். தோட்டத்து ஃபெக்டரியில் பைப் வேலை பார்த்தவர். பிள்ளைகள் எல்லாம் அவரைத் தாத்தா என்பார்கள். எங்கட வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. உம்மா போனில் "தாத்தா ஒருத்தர் வந்து தரைய உடைக்கிறார்" என்று சாச்சியிடம் சொல்லி, சாச்சி பயந்து போனது தனிக் கதை. நான் அவரை ஐயா என்றேன்.

ஐயா வந்ததும் ஒரு இடத்தையும் தட்டிப் பார்க்கவில்லை. "உடுப்புக்குப் போடுற நீலம் இருக்கா?" என்று கேட்டார். ஒரு வாளித் தண்ணீரில் நன்றாகக் கரைத்து அந்தப் பளபள மூடிக்குள் ஊற்றச் சொல்லிவிட்டு கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழிருந்து சத்தம் போட்டார். பழைய பைப்பின் முடிவில் நீலம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மேட்டில் வழிந்தது. இருபது ரூபாய்க் கணக்குச் சோதனை. ஓகஸ்டில் இதைச் செய்திருந்தால் எல்லாம் அன்றே தெரிந்திருக்கும்.

பிறகு உடைத்தோம். புதுக் கொங்கிரீட், அதன் கீழ் பழைய தரை, எல்லாம். கிரைண்டரால் வெட்டும்போது மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு இந்தப் பகுதியைக் கடக்கிறேன். மூலையில் துருப்பிடித்த இரும்புக் கிண்ணம் கையோடு துண்டு துண்டாக வந்தது. அதன் கீழ் ஒன்றரை அடியில் சுட்ட மண் குழாய். ஐயா அதைத் தட்டிக் கேட்டார், உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார், நீளமான பிரம்பு விட்டு முழுவதும் துழாவினார். "இது இன்னும் எங்க ரெண்டு பேருக்கும் பொறகும் இருக்கும்" என்றார். அதனால் குழாயை மாற்றவில்லை, வாயை மட்டும் மாற்றினோம்.

மண் குழாயோடு பி.வி.சி.யைச் சேர்ப்பதுதான் கஷ்டமான இடம். பி.வி.சி. பசை பி.வி.சி.யைத்தான் ஒட்டும். சீமெந்து வைத்தால் ஒட்டினது போலத் தெரியும். ஆனால் சூடு பட்டால் பிளாஸ்டிக் நீளுகிற அளவு மண் நீளாது, கொஞ்ச நாளில் மயிரிழை வெடிப்பு வரும், அதுவே போதும். இரண்டு பக்கமும் வேறு வேறு அளவுள்ள ரப்பர் கப்ளிங், இரண்டு முனையிலும் துருப்பிடிக்காத கிளிப். நாங்கள் தேடிய கடைகளில் அந்த அளவு இருக்கவில்லை. கொழும்பில் இருக்கிற நானா வாங்கி பஸ்ஸில் போட்டுவிட்டார். மண் குழாயின் வெளிச் சுற்றளவை நூலால் அளந்து, பையால் பிரித்து, விட்டம் எடுத்து அனுப்பினேன். அந்த ஒரு இடத்தில் என் கணக்கு உதவியது.

அதற்கு மேல் வளைந்த ட்ராப். வளைவில் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் தண்ணீர் நிற்க வேண்டும். இந்த வளைவை 1775இல் லண்டனில் கடிகாரம் செய்கிற அலெக்சாண்டர் கமிங் என்பவர் மலசலகூடத்துக்காகப் பதிவு செய்தார். இன்றைக்கும் நம் வீடுகளில் இருப்பது அதன் பிள்ளைகள்தான். அந்தக் கையளவு தண்ணீர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஹொங்கொங்கைச் சொல்லலாம். 2003 மார்ச்சில் ஆமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடியில் 300க்கு மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் நோய் பிடித்தது. குளியலறைத் தரையில் உள்ள வாய்களின் வளைவில் தண்ணீர் காய்ந்து போயிருந்ததும், அதன் வழியாகக் கீழ்க் குழாயின் காற்று வீடுகளுக்குள் ஏறியதும் முக்கிய காரணமாகக் கண்டார்கள். தரையைத் துடைத்தார்களே தவிர தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை. ஆகவே பாவிக்காத குளியலறை இருந்தால் கிழமைக்கு ஒரு தடவை ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

மூடியின் உயரத்தைக் கடைசி வரை ஐயா ஒட்டவில்லை. முதலில் டைல் போட்டு முடிகிற உயரத்தைச் சுவரில் கோடு போட்டார். லெவலைத் தேடின என்னிடம் "ஒரு தெளிஞ்ச டியூப் இருந்தா குடுங்க" என்றார். கலாசாலையில் நான் பிடித்த அதே குழாய், அதே தண்ணீர். அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் கால் அங்குலம் இறக்கி நூல் கட்டினார். எல்லா நூலும் போய்ச் சேர்கிற இடத்தில்தான் மூடி, டைலை விட ஒரு மயிர் கீழே. குசினிப் படி இப்போது இரண்டு அங்குலம் மீண்டு வந்திருக்கிறது. மெஷினுக்கு மட்டும் சின்ன மட்ட மேடை. அதன் ஹோஸ் தரையில் விடுவதில்லை, தனி ட்ராப் வைத்த நிமிர்ந்த பைப்புக்குள் போகிறது. டைல் வழவழப்பில்லாதது, உம்மா தானே கடைக்கு வந்து வெறுங்காலால் தேய்த்துப் பார்த்து எடுத்தார்.

வெளி முனை மிச்சம் இருந்தது. சரிவில் ஊறுகுழி வெட்டினால் திரும்பவும் அதே மேட்டைத்தான் நனைப்போம். தோட்டத்து ஒபீசிலும் பி.எச்.ஐ. மாத்தயாவிடமும் கேட்டு, பஞ்சும் மண்ணும் படிவதற்கு ஒரு சின்னத் தொட்டி கட்டி, அங்கிருந்து மூடின பைப்பில் லயத்தைத் தாண்டி சீமெந்துக் கான் வரைக்கும் கொண்டுபோனோம். வளைவுகளில் திறந்து குத்துவதற்கு மூடி வைத்திருக்கிறது. முதல் வேலைக்கும் இரண்டாவது வேலைக்கும் சேர்த்து என் இரண்டு மாதச் சம்பளம் போனது. லயத்துச் சுவரைத் திருத்தினதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அது கடன்.

முதல் பாஸைப் பலர் கேட்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். உடைக்க வேண்டாம் என்று அவர் சொன்னபோது தலையாட்டினது நான். தண்ணீர் எங்கே போகும் என்று வீட்டுக்காரி கேட்காதபோது அவர் ஏன் சொல்லப் போகிறார்?

பிள்ளையின் அம்மாவிடம் மாப்புக் கேட்டேன். "ஐயோ டீச்சர், அதெல்லாம் வேணாங்க" என்றார். நான் திரும்பவும் கேட்டேன். அப்போது அவர் அழுதார். நானும்தான்.

மேட்டின் உச்சியிலும் அடியிலும் இரண்டு குச்சி நட்டு நூல் கட்டியிருக்கிறோம். நூல் தொய்ந்தாலோ இறுகினாலோ, வெடிப்புக் கண்டாலோ உடனே கிராம சேவகருக்குச் சொல்வதென்று ஏற்பாடு. நூலைப் பார்ப்பது அந்தப் பிள்ளையின் பொறுப்பு. ஒவ்வொரு திங்களும் வரவு எடுக்கும்போது தன் பெயருக்கு "இருக்கேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, கூடவே சொல்வாள்: "அடியில காஞ்சிதான் இருக்கு."

போன திங்கள் மழை. "மேல கொஞ்சம் ஈரம் டீச்சர், ஆனா சவுக்கார வாசம் இல்ல" என்றாள்.